விமானப் பங்குகள்: எம்.சி. ரோடு தரகு அலுவலகம் வழியாக ஒரு பதினைந்தாண்டுக் கணக்கு

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் பங்குத் தரகு அலுவலகத்தில், ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பங்குகளை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், அதே அலுவலகத்தின் வழியாக இன்டிகோ நிறுவனத்தின் 20 பங்குகளைச் சுமார் 19,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் போட்ட பணம் முழுவதும் கரைந்துபோயிற்று. இரண்டாவதாக வாங்கிய பங்கின் விலை ஐந்தாண்டுகளில் ஐந்து மடங்கானது. ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைச் சரக்கு ஒருமுறை அழுகிப்போனதற்கும் மறுமுறை விளைந்ததற்கும் என்ன காரணம் என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் இளைஞர்கள் பலர் கைப்பேசியிலேயே டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கி, விமானங்கள் நிரம்பிப் பறப்பதைப் பார்த்துவிட்டு, விமானப் பங்குகளைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் பங்கையும் அதை விற்ற அலுவலகத்தையும் சேர்த்து மதிப்பிட்டு எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரையும், நான் முதலில் வாங்கிய நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடப்போவதில்லை. முப்பது ஆண்டுகள் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதியவன் நான். என் தொகைகளைப் பேரேட்டில் எழுதுவதுபோலவே இங்கும் எழுதுகிறேன்.

2010-இல் அந்த அலுவலகத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சி, நான்கு கணினிகள், சுவரோரம் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. காலை ஒன்பதே காலுக்கே நாற்காலிகள் நிரம்பிவிடும். ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்கள், மிளகாய் மண்டிக்காரர்கள், சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஒன்றிரண்டு வியாபாரிகள் ஆகியோர் திரையில் ஓடும் விலைகளைப் பார்த்தபடி காலைத் தேநீரை அங்கேயே முடிப்பார்கள். வாடிக்கையாளரின் ஆணைகளைச் சந்தையில் போடும் டீலராக இருந்த இளைஞர் சுறுசுறுப்பானவர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஐந்து பக்க ஆய்வறிக்கை ஒன்றை அவர் என் கையில் கொடுத்து, “சார், ஃபிளைட்ல சீட்டே கெடைக்க மாட்டேங்குது. இன்னும் பத்து வருஷத்துக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பயணிகள் எண்ணிக்கை உண்மையிலேயே அடுத்த பத்தாண்டில் பெரிதும் ஏறியது. பங்குதான் இறங்கிக்கொண்டே போயிற்று.

அந்த அறிக்கையை இன்னும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். நிறுவனத்திடம் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை சதவீத இருக்கைகள் நிரம்புகின்றன, நாட்டின் நடுத்தர வர்க்கம் எவ்வேகத்தில் வளர்கிறது என்பவற்றுக்கெல்லாம் அதில் படங்களும் அட்டவணைகளும் உண்டு. அதே வானத்தில் பறந்துகொண்டிருந்த அரசு நிறுவனமான ஏர் இந்தியாவைப் பற்றி, பயணிகளில் இத்தனை சதவீதம் அதனிடம் என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நிறுவனத்தின் நட்டத்தை யார் ஈடுகட்டுகிறார்கள், எத்தனை காலம் ஈடுகட்டுவார்கள் என்ற கேள்வியே அதில் எழவில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாமல் எழுதப்பட்ட அறிக்கையை நம்பிப் பணம் போட்டதுதான் நான் செய்த தவறு.

இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் 2007-இல் இணைக்கப்பட்டன. இணைந்த நிறுவனம் ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடியது. 2012 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒரு மீட்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, 2020-21 வரையில் 30,231 கோடி ரூபாயை மூலதனமாகத் தர ஒப்புக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் எட்டுக் கோடி ரூபாய். டெல்லி, மும்பை, சென்னை என்று எந்தத் தடத்தை எடுத்துக்கொண்டாலும், அந்த எட்டுக் கோடி பின்னால் நிற்கும் ஒருவரும், பின்னால் வங்கிக் கடன் மட்டுமே நிற்கும் மற்றவர்களும் ஒரே பயணியை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அரசு நிறுவனம் அடக்க விலைக்கும் கீழே டிக்கெட் விற்கிறது என்று தனியார் நிறுவனங்கள் அந்நாள்களில் வெளிப்படையாகவே குறை கூறின. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, எந்த வியாபாரியும் போட்டியாளரைப் பற்றிச் சொல்லும் வழக்கமான குறைதானே என்று நான் தாண்டிப் போய்விட்டேன்.

இதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது பங்குச் சந்தையில் அல்ல, எங்கள் டி.எச். ரோட்டில்தான். தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். 2021 மே மாதத்தில் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, காலையில் அவர் வண்டியை எதிர்பார்த்து நின்ற பெண்களில் பெரும்பாலோர் பேருந்து நிறுத்தத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். என் மனைவியும் அப்படித்தான் ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறாள். அந்தத் திட்டத்தால் வீட்டு வேலைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் போகும் பெண்களின் கையில் மாதம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதால் அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆட்டோக்காரர் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது மறக்கவில்லை: “அண்ணே, பஸ்ஸு காலியா போனாலும் கவர்மென்ட்டு டீசல் போடும். நான் காலியா போனா என் வூட்ல அடுப்பு எரியாது.” பத்து ஆண்டுகளுக்கும் முன் என் கையில் இருந்த ஐந்து பக்க அறிக்கையில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் அதுதான். பக்கத்து வண்டிக்கு அரசு டீசல் போடுவது சமூகத்துக்கு நல்லதாக இருக்கலாம், தேவையாகவும் இருக்கலாம். இந்த வண்டியில் முதலீடு செய்தவன் அதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. விமான இருக்கை, காசிமேட்டு மீனைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. விடியற்காலை ஏலத்தில் விலை போகாத வஞ்சிரத்தை ஐஸ் போட்டு மாலைவரை வைத்திருக்கலாம்; மிஞ்சினால் கருவாடாக்கலாம். காலை ஆறு மணி விமானத்தின் காலி இருக்கைக்கு ஆறு மணி ஒரு நிமிடத்தில் மதிப்பு இல்லை. விமானம் எப்படியும் பறக்கப்போகிறது, விமானிக்கும் வாடகைக்கும் எரிபொருளுக்கும் செலவு ஆகிவிட்டது, ஆகவே கடைசி இருக்கையை எந்த விலைக்கு விற்றாலும் லாபம் என்றே ஒவ்வொரு நிறுவனமும் நினைக்கிறது. அப்படி எல்லோரும் நினைக்கும் தொழிலில், நட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் இருந்துவிட்டால், டிக்கெட்டின் விலையைத் தீர்மானிப்பவர் அவராகிவிடுகிறார். நன்றாக நடத்தப்படும் நிறுவனமும் அந்த விலைக்கே இறங்கி வர வேண்டியிருக்கிறது.

எனினும் வீழ்ந்தவர்கள் எல்லோரையும் அரசு நிறுவனம்தான் வீழ்த்தியது என்று எழுதினால் அது நேர்மையான மதிப்பீடாகாது. 1953 முதல் அரசின் தனி உரிமையாக இருந்த தொழில் 1990-களின் தொடக்கத்தில் தனியாருக்குத் திறக்கப்பட்டபோது ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. என்று பலர் வந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நால்வரும் இல்லை. பின்னர் நம் ஊரிலிருந்தே பறந்த பாரமவுண்ட் ஏர்வேஸும் 2010-இல் நின்றுபோயிற்று. கிங்ஃபிஷர் ஓர் ஆண்டுகூட லாபம் காட்டாமல், ஏர் டெக்கானையும் வாங்கிச் சுமையைக் கூட்டிக்கொண்டு, 2012 அக்டோபரில் தரையிறங்கியது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான் பொதுத்துறை வங்கிகள் தாங்கள் கொடுத்த கடனில் ஒரு பகுதியைச் சந்தை விலையைவிட மிகக் கூடுதலான விலையில் பங்குகளாக மாற்றிக்கொண்டிருந்தன. அரசின் ஆதரவு ஏர் இந்தியாவுக்கு மட்டும் போகவில்லை, வங்கிகளின் வழியாகத் தனியாருக்கும் போயிற்று என்பதற்கு அது ஒரு சான்று. சாக வேண்டிய நிறுவனம் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகப் பறந்தால், அந்த இரண்டு ஆண்டுகளும் நல்ல நிறுவனத்தின் டிக்கெட் விலையும் கீழேதான் இருக்கும். போட்டியாளருக்கு உயிர் கொடுக்கும் பணம் எந்தக் கதவு வழியாக வந்தாலும் பங்குதாரருக்கு விளைவு ஒன்றே.

என் முதல் முதலீட்டின் இன்றைய நிலையை அப்படியே சொல்கிறேன். டீமேட் அறிக்கை மாதந்தோறும் மின்னஞ்சலில் வருகிறது. மூன்றாவது பக்கத்தில், ஒரு மின் நிறுவனப் பங்குக்கும் ஒரு வங்கிப் பங்குக்கும் நடுவே, அந்த விமான நிறுவனத்தின் பெயரும் என்னிடம் உள்ள பங்குகளின் எண்ணிக்கையும் இன்னும் அச்சாகின்றன. அருகில் மதிப்பு என்ற கட்டத்தில் 0.00 என்று இருக்கிறது. விற்க வழியில்லை, விற்காததால் அதை மூலதன நட்டமாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியவில்லை என்று என் ஆடிட்டர் சொல்லிவிட்டார். கணக்குப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் பிடிக்கப்படுகிறது. ஒரு நிறுவனம் திவாலாகிக் கலைக்கப்படும்போது, அதன் சொத்தை விற்று வரும் பணத்தில் நடைமுறைச் செலவு, அடமானக் கடன் கொடுத்தவர்கள், தொழிலாளர்கள், அரசுக்குச் சேர வேண்டியவை என்று எல்லோரும் எடுத்த பிறகு, சட்டம் வகுத்த வரிசையில் சாதாரணப் பங்குதாரர் கடைசியில் நிற்கிறார். விமான நிறுவனத்தில் அந்தக் கடைசி இடத்துக்கு எதுவும் வந்து சேர்வதில்லை, ஏனென்றால் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. உரிமையாளர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். 2005-இல் ஒரு பங்கு 1,100 ரூபாய் என்று மக்களிடம் விற்கப்பட்ட ஜெட் ஏர்வேஸ், 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. ஐந்தாண்டுக்கு மேல் நீதிமன்றங்களில் இழுபட்ட பின் 2024 நவம்பர் 7 அன்று அதைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் நாட்டின் முதல் தர நிறுவனம் என்று பெயர் பெற்றதற்கே அந்தக் கதி.

எரிபொருளைப் பற்றி வடசென்னைக்காரன் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து இரவில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர் தெரியும். மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு நிரப்பப்படும் எரிபொருள் அங்கே தயாராகி, தரைக்கடியில் குழாய் வழியாக நகரத்தைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகிறது. இந்தியாவில் விமானம் ஓட்டும் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்த எரிபொருளுக்கே ஆகிறது. அது சரக்கு மற்றும் சேவை வரிக்குள் இன்னும் வரவில்லை. மாநிலங்கள் தனித்தனியே வரி போடுகின்றன. பல மாநிலங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய காலத்திலும் தமிழ்நாட்டில் அது 29 சதவீதமாக இருந்தது. கச்சா எண்ணெய் டாலரில், விமான வாடகை டாலரில், டிக்கெட் மட்டும் ரூபாயில். ரூபாய் சரியும் ஒவ்வொரு முறையும் பங்குதாரர் கையிலிருந்து கொஞ்சம் கழன்றுபோகிறது. 2014 டிசம்பரில், அப்போது கலாநிதி மாறன் வசமிருந்த ஸ்பைஸ்ஜெட்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்து, ஒரு நாளின் பெரும்பகுதி விமானங்கள் தரையிலேயே நின்றன. அதே குளிர்காலத்தில் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் ஐம்பதுக்குக் கீழே வந்தது. 2015 தொடக்கத்தில் நிறுவனம் பழைய நிறுவனர் அஜய் சிங்கின் கைக்குத் திரும்பி மூச்சுவிட்டது. அதன் உயிரைக் காத்ததில் எண்ணெய் விலைக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இனி இரண்டாவது முதலீடு. 2020 மே மாதத்தில் ஊரடங்கு. விமானங்கள் இரண்டு மாதமாக நின்றிருந்தன. 2015-இல் 765 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட இன்டிகோ பங்கு மீண்டும் ஆயிரத்துக்குக் கீழே வந்திருந்தது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஆணை கொடுத்தேன். பழைய டீலர் போய்விட்டார், புதிதாக வந்த பெண், “சார், போன தடவை இதே மாதிரி ஒண்ணுல அடிபட்டிருக்கீங்கன்னு கணக்குல தெரியுது. வேணும்னா யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்லுங்க” என்றார். தரகுக்காக வேலை செய்யும் இடத்தில் வாடிக்கையாளரின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து ஒரு நாள் பொறுக்கச் சொன்னதற்காகவே இந்த அலுவலகத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். ஒரு நாள் யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

இம்முறை நான் யோசித்தது நிறுவனத்தைப் பற்றி மட்டும் அன்று, அதன் எதிரிகளைப் பற்றியும்தான். அமெரிக்க அரசு அந்த ஆண்டு தன் பயணிகள் விமான நிறுவனங்களின் ஊழியர் சம்பளத்துக்காகவே 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஜெர்மனியில் லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவி கிடைத்தது. நம் நாட்டில் தனியாருக்கு அப்படி நேரடியாக எதுவும் தரப்படவில்லை. மாறாக 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை கட்டணத்துக்கே அரசு கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைத்தது. கீழ் வரம்பு பலவீனமான நிறுவனங்களைக் காத்தது என்பதால் அது பலமான நிறுவனத்துக்குப் பாதகம் என்று அப்போது பேசப்பட்டது. இன்டிகோ 2020-21-இல் 5,806 கோடியும் 2021-22-இல் 6,162 கோடியும் நட்டம் காட்டியது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் காலாண்டு முடிவு வரும் நாள்களில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

கணக்கை மாற்றியது வேறொன்று. 2021 அக்டோபர் 8 அன்று ஏர் இந்தியாவை டாடா குழுமத்துக்கு 18,000 கோடி ரூபாய்க்கு விற்பதாக அரசு அறிவித்தது. அதில் 15,300 கோடி கடனாக ஏற்கப்பட்டது, 2,700 கோடி மட்டுமே ரொக்கம். நிறுவனத்தின் மொத்தக் கடனான 61,562 கோடியில் மீதி 46,262 கோடி அரசின் தனி நிறுவனம் ஒன்றுக்கு, அதாவது வரி செலுத்தும் நம் தலைக்கு வந்தது. 2022 ஜனவரி 27-இல் சாவி கைமாறியது. நட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பறந்த பெரிய போட்டியாளருக்குக் கணக்குக் கேட்கும் முதலாளி வந்துவிட்டார். 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு கொடுத்து நின்றது. 2024 நவம்பரில், டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. மிஞ்சிய வானத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் இன்டிகோவின் கைக்கு வந்தது. 2023-24-இல் அதன் லாபம் 8,172 கோடி. 2023 ஜூனில் சுமார் 2,400 ரூபாய் விலையில் பத்துப் பங்குகளை விற்றேன். மீதிப் பத்து இன்னும் இருக்கின்றன. அந்த நிறுவனம் நேரத்துக்குப் பறந்தது, சிக்கனமாக நடந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் பங்கு ஏறியதற்கு முதற்காரணம், எதிரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்ததும், அரசு தன் கடையை மூடிக்கொண்டதும்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வாங்க நினைப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது, அந்த நிலை அப்படியே நிற்கவில்லை என்பது. ஏர் இந்தியாவில் இப்போது 25.1 சதவீதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெரும்பான்மைப் பங்கு அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. அதாவது நம் அரசு வெளியேறிய வீட்டில், ஆழமான பை உள்ள இரண்டு பேர் குடியேறியிருக்கிறார்கள். இருவரும் நட்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கக்கூடியவர்கள். வெளிநாட்டுத் தடங்களிலோ எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஏர்வேஸ் மூன்றும் தத்தம் அரசுகளின் சொத்து. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் நம் பிள்ளைகள் பலர் துபாயிலும் தோஹாவிலும் இறங்கி ஏறுகிறார்கள். அந்த மூன்றும் 4,200 கோடி டாலருக்கு மேல் அரசு மானியம் பெற்றிருக்கின்றன என்று 2015-இல் அமெரிக்க நிறுவனங்கள் குற்றம் சாட்டின. அவை அதை மறுத்தன. இங்கே இந்தியப் பங்குதாரருக்குச் சாதகமாக ஒரு மதில் இருக்கிறது: எந்த நாட்டு நிறுவனம் வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் பறக்கலாம் என்பதை இரு அரசுகளின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. துபாய்க்கான வரம்பு சுமார் 66,000 இருக்கைகளாக 2014-இல் வைக்கப்பட்டது. கூட்டித் தரும்படி துபாய் பலமுறை கேட்டும் டெல்லி இசையவில்லை. நேற்று எதிரியைக் காத்த அரசு இன்று நம் பங்கைக் காக்கிறது. ஒரு கையெழுத்தில் அந்த மதில் தாழ்ந்துவிடவும் கூடும். அன்றைக்குப் பங்கின் விலை என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

2025 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்யாததால் இன்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. பயணிகள் மீனம்பாக்கத்தில் பெட்டிகளோடு தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அதே வாரத்தில் 500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 7,500 ரூபாய் என்பதில் தொடங்கிக் கட்டணத்துக்கு உச்ச வரம்பும் வைத்தது. பங்கு சில நாள்களில் கணிசமாக இறங்கியது. ஒரே வாரத்தில் அரசு ஒரு கையால் தாங்கியதையும் மறு கையால் விலையைப் பிடித்ததையும் பார்த்தேன். பயணி என்ற முறையில் அந்த உச்ச வரம்பு சரி என்றே சொல்வேன், அறுபது சதவீத வானத்தை வைத்திருப்பவர் நெருக்கடியில் இஷ்டப்பட்ட விலை கேட்க விடக்கூடாது. என் பத்துப் பங்குகளின் மதிப்புக் குறைந்தது என்பதற்காக அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கணக்கை முடிக்கிறேன். இரண்டு முறையும் சேர்த்துப் போட்டது 57,000 ரூபாய். விற்று வந்தது 24,000. கையில் உள்ள பத்துப் பங்குகள், 2025 டிசம்பர் முடிவில் இருந்த ஐயாயிரத்தை ஒட்டிய விலையில் சுமார் 50,000. ஆக 74,000. முதலில் போட்ட 38,000 ரூபாயை மட்டும் பதினைந்து ஆண்டுகள் வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் அதுவே ஒரு லட்சத்து நான்காயிரத்தைத் தாண்டியிருக்கும். ஐந்து மடங்கு ஏறிய பங்கைக் கையில் வைத்திருந்தும், மொத்தத்தில் ஒரு சாதாரண வைப்புத் தொகையிடம் தோற்றிருக்கிறேன். விமானப் பங்கில் ஜெயித்தவர்களின் கதையைக் கேட்கும்போது அவர்கள் முன்பு தோற்ற பங்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகவே சரக்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகளின் நகைச் சீட்டு என்று பெயர் வைத்த பணத்தைக் கொண்டு இதை வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்ப்பதற்கு முன் அதன் போட்டியாளர்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவருடைய நட்டத்தைக் கட்டுவது யார் என்று எழுதிப் பாருங்கள். அரசு, வங்கி, அயல்நாட்டு அரசு, பெரிய குழுமம் என்று ஏதாவது ஒரு பதில் எல்லாப் பெயருக்கும் வந்துவிட்டால், அந்த விலைக்கு வாங்குவதை நான் தவிர்ப்பேன். அவர்களில் யாருக்காவது பணம் வரும் வழி அடைபடுகிறது என்று தெரிந்தால், அப்போது மீண்டும் பார்ப்பேன்.

அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்றரை. வாங்கியதற்கும் விற்றதற்குமான சீட்டு (கான்ட்ராக்ட் நோட்) அன்று மாலையே வந்துவிடுகிறது, விற்ற பணம் மறுநாள் கணக்கில் சேர்கிறது, கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் அச்சிட்டுத் தருகிறார்கள். கைப்பேசிச் செயலிகளைவிடத் தரகு அதிகம்தான். என் வயதுக்காரர்களுக்கு மனிதர் முகம் பார்த்துக் கேட்க ஓரிடம் இருப்பதற்கு அந்தக் கூடுதல் தகும் என்று நினைக்கிறேன். தலைமை அலுவலகத்தின் ஆய்வறிக்கைகளை மட்டும் அவர்கள் இன்னும் படிக்காமலேயே கையில் கொடுக்கிறார்கள். சென்ற மாதம் கொடுத்த விமானத் துறை அறிக்கையிலும் போட்டியாளர்களின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பத்தி இல்லை. அதை எழுத்தில் கேட்டுக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் சந்தை இல்லாவிட்டாலும் பிற்பகல் ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும், நாமினி மாற்றம் போன்ற படிவ வேலைகளுக்கு அந்த நேரமே நல்லது. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஜவுளிக்கடை வாசலில் நின்று தொலைபேசியில் சொன்னால், அந்தப் பெண்ணே படிவங்களைக் கீழே கொண்டுவந்து நிரப்பித் தருகிறார்.